வியோனேயும் சாய்த்து வெட்டிய துணியும் – கடிதம்

வணக்கம். பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் மதலேன் வியோனே பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். அவர் தாளில் வரைந்து வடிவமைக்கவில்லை, பொம்மைமேல் துணியைப் போட்டுப் பார்த்தவர் என்கிறீர்கள். அப்படியென்றால் அவர் நல்ல தையல்காரர், அவ்வளவுதானே? இன்னொரு பாரீஸ் வடிவமைப்பாளரான ஷனெல் பெயர் தெரிந்த அளவுக்கு அவர் பெயர் ஏன் தெரியவில்லை? பி.கு.: அவர் முறையில் துணியைச் சாய்த்து வெட்டிப் பாவாடை ஒன்று தைத்தேன். இரண்டே நாளில் கீழ்விளிம்பு கோணிவிட்டது.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

வரைபவரை மேலேயும் தைப்பவரைக் கீழேயும் வைக்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். வியோனே அப்படி வைக்கவில்லை. பாரீசில் அவென்யூ மோந்தேன் 50-ஆம் எண்ணில் இருந்த அவருடைய நிறுவனத்தில் தையல் பெண்களுக்கு உணவுக்கூடம் உண்டு, பல் மருத்துவர் உண்டு, சம்பளத்தோடு விடுமுறையும் உண்டு. பிரான்சில் அந்த விடுமுறை 1936-இல்தான் சட்டமானது.

ஷனெல் விஷயம் எளிது. வியோனே 1939-இல் கடையை மூடினார், 1975-இல் இறக்கும்வரை திறக்கவில்லை. ஷனெல் 1954-இல் தொழிலுக்குத் திரும்பி வந்தார், வாசனைத் திரவியமும் அவர் பெயரைச் சுமந்தது. இதில் மேலே பேச ஒன்றுமில்லை.

பின்குறிப்பாக ஒதுக்கினீர்களே, அந்தப் பாவாடைதான் முக்கியம். துணியை நேராகத் தொங்கவிட்டால் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எடையைத் தாங்கும், நீளாது. 45 பாகை சாய்த்தால் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் நேராகத் தாங்க முடியாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்கின்றன. நெசவின் சதுரக் கண் சாய்சதுரமாகிறது. துணி நீள்கிறது, அகலம் சுருங்குகிறது. இடுப்பில் ஒட்டிக் கீழே விரியும் உடை, டாட் (உடலுக்கு ஒட்டப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) பிடிக்காமலே கிடைப்பது இதனால்தான். நம் கிராஸ் கட் ரவிக்கையில் மார்புத் துண்டைச் சாய்த்து வெட்டுவதும் இதே இழுவைக்காகத்தான். வியோனே அதை முழு உடைக்கும் கொண்டுபோனார். 1919-20 வாக்கில் அவர் செய்த ஓர் உடை நான்கு சதுரத் துண்டுகள்தான். முனைகளைப் பிடித்துத் தொங்கவிட்டார், துணி தானே சாய்வில் விழுந்தது.

இதைத் தாளில் எப்படி வரைவீர்கள்? எந்த இடம் எவ்வளவு இறங்கும் என்பது துணிக்குத் துணி மாறும். அதனால்தான் ஏறத்தாழ 80 செ.மீ. உயர மரப் பொம்மைமேல் துணியைப் போட்டு வெட்டினார். அது வடிவமைப்பு இல்லையென்றால் வேறு எது வடிவமைப்பு?

துணியின் அகலத்தையும் பாருங்கள். 110 செ.மீ. அகலத் துணியில் கரைக்குக் கரை சாய்வுக்கோடு 155 செ.மீ. ஆனால் 50 செ.மீ. அகலத் துண்டு வேண்டுமானால் நீளம் 105 செ.மீ.தான் தேறும். முழு நீள உடைக்கு ஒட்டுப் போட வேண்டியிருக்கும். அதே துண்டுக்கு 2 மீட்டர் அகலத் துணி 230 செ.மீ.க்கு மேல் தரும். பியாங்கினி-ஃபேரியே என்ற பட்டு நெசவு நிறுவனத்திடம் வியோனே வழக்கத்தைவிட மிக அகலமான கிரேப் துணி நெய்து வாங்கியதன் கணக்கு இதுதான்.

உங்கள் பாவாடையை இரண்டாக மடித்து வெட்டியிருப்பீர்கள், அன்றைக்கே கீழே மடித்தும் தைத்திருப்பீர்கள். பொறுமையில்லாத வேலை. வழுக்கும் துணியில் அடி அடுக்கு நகர்ந்துவிடும், இரு பக்கமும் வேறு வேறு சாய்வில் போகும், பக்கத் தையல் காலைச் சுற்றும். அடியில் தாள் விரித்து, மடிக்காமல் ஒற்றை அடுக்காக வெட்டுங்கள். அடுத்த துண்டுக்கு அளவு மாதிரித் தாளைப் புரட்டிப் போடுங்கள். தையலில் இரு பக்க நூலோட்டமும் அம்புமுனைபோலச் சந்திக்க வேண்டும். அகலம் சுருங்கும் என்பதால் தையலுக்கு 2.5 செ.மீ. விடுங்கள். நேர்த் தையல் போட்டால் துணி நீளும்போது நூல் அறும். 0.5 மி.மீ. அகல ஜிக்ஜாக் போதும். இஸ்திரிப் பெட்டியைச் சாய்வில் இழுக்காதீர்கள், தூக்கித் தூக்கி வையுங்கள்.

தைத்ததை இடுப்புப் பக்கம் கிளிப் போட்டு இரண்டு நாள் தொங்கவிடுங்கள். சாய்வான இடங்கள் இறங்கும், நேர் நூல் இடங்கள் அப்படியே நிற்கும். பிறகு உடுத்தி நில்லுங்கள், வேறொருவர் தரையிலிருந்து அளவுகோல் வைத்துச் சுற்றிலும் குறிக்கட்டும். இறங்கியதை வெட்டிவிட்டு அப்புறம் மடித்துத் தையுங்கள். இப்போதுள்ள பாவாடையைத் தூக்கிப் போட வேண்டாம். நீளம் 5 செ.மீ. குறைந்தால் பரவாயில்லை என்றால், மடிப்பைப் பிரித்து இதே மாதிரி செய்யுங்கள்.