இரவு எட்டு மணிக்கு வரும் வீட்டுப்பாடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வகுப்பு வரை அறிவியல் எடுக்கிறேன். வேலைக்கு வந்து பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. கொரோனாவுக்கு முன்பு பார்த்த பிள்ளைகள் வேறு, இப்போது பார்க்கிற பிள்ளைகள் வேறு என்று எங்கள் ஆசிரியர் அறையில் தினமும் பேச்சு ஓடுகிறது. இரண்டாவது பாடவேளையிலேயே தூங்கி விழுகிறார்கள். ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால் பாதியில் நிறுத்திவிட்டு "அடுத்து என்ன மிஸ்?" என்கிறார்கள். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினால், "நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குது, நீங்களே சொல்லுங்க மிஸ்" என்று என்னிடமே திருப்பி விடுகிறார்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண். வாய் ஓயாமல் பேசுகிறவள். கொஞ்ச நாளாகக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். மதியம் சரியாகச் சாப்பிடுவதில்லை. இன்ஸ்டாகிராமில் ஏதோ பிரச்சினை என்று தோழிகள் சொல்கிறார்கள், அவள் ஒன்றும் சொல்வதில்லை.

பையைச் சோதனை போடலாம் என்கிறார் ஒரு சக ஆசிரியர். ஸ்மார்ட் போர்டில் வீடியோவாகப் போட்டுப் பிள்ளைகள் வழிக்கே போய்விடலாம் என்கிறார் இன்னொருவர். போன் இருப்பது அவர்கள் வீட்டில். பள்ளியில் இருக்கிற நான் என்ன செய்ய முடியும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த எட்டாம் வகுப்புப் பெண்.

நாளைக்கே அவளோடு பேசுங்கள். எல்லார் முன்னாலும் கூப்பிட வேண்டாம். ஆசிரியர் அறைக்கு வரச்சொன்னாலும் வகுப்பே திரும்பிப் பார்க்கும். நோட்டுக் கட்டைத் தூக்கி வர என்று ஏதாவது வேலை சொல்லி, கூட நடந்தபடி பேசுங்கள். இன்ஸ்டாகிராமை நீங்களாக எடுக்காதீர்கள். ஏன் சாப்பிடுவதில்லை என்று கேளுங்கள். முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் போகலாம். இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

இந்த வயதுப் பிள்ளைகள் பெரியவர்களிடம் மறைப்பது பெரும்பாலும் பயத்தால்தான். சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். பெண் பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் ஒன்று உண்டு, படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்பது. அப்படி நிறுத்திய வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "நீ சொல்றதால உன் படிப்பு நிக்காம நான் பாத்துக்கறேன்" என்ற உறுதியை முதலில் கொடுங்கள், கொடுத்த பிறகு அதற்காக அவள் வீட்டுக்கு நடக்கவும் தயாராக இருங்கள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். விஷயம் பாலியல் தொடர்பானதாக, படத்தை வைத்து மிரட்டுவதாக இருந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். அதன் 19ஆம் பிரிவு அதைச் சொல்கிறது, 21ஆம் பிரிவு சொல்லாமல் விட்டவருக்குத் தண்டனை சொல்கிறது. இதை அவளிடமே முதலில் விளக்கிவிடுங்கள், பின்னால் தெரிந்தால் ஏமாற்றிவிட்டீர்கள் என்று நினைப்பாள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். மனநல ஆலோசனைக்கு 14416. இன்னொன்று, ஆதாரம் என்ற பெயரில் எந்தப் படத்தையும் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட யாரையும் விடாதீர்கள். அப்படிப் பகிர்வதே குற்றமாகும், அந்தப் பெண்ணுக்கு அது இரண்டாவது அடியும்கூட.

ஒருவேளை தோழிகள் அவளை ஒரு குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள், அவ்வளவுதான் என்று தெரியவரலாம். "இதுக்குத்தானா?" என்று கேட்டுவிடாதீர்கள். பதிமூன்று வயதில் அது ஊரைவிட்டுத் தள்ளி வைத்ததுபோலத்தான்.

சரி, தூங்கி விழுகிற பிள்ளைகளுக்கு வருவோம். "நேத்து எத்தனை மணிக்குப் படுத்தே?" என்று கேட்டுப் பாருங்கள். திட்டுகிற குரலில் கேட்டால் எல்லோரும் ஒன்பது என்பார்கள். சும்மா கேட்டால் உண்மை வரும். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் நடப்பது இதுதான். வீட்டில் இருப்பது ஒரே ஒரு நல்ல போன், அது அப்பாவுடையது. அவர் வேலை முடிந்து வரும்போது இரவு எட்டு மணி. வீட்டுப்பாடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்து கிடக்கிறது. "வீட்டுப்பாடம் பாக்கணும்ப்பா" என்று பிள்ளை கேட்டால் எந்த அப்பாவாலும் மறுக்க முடியாது. பார்த்து எழுதி முடிக்க அரை மணி நேரம். போன் கையில்தான் இருக்கிறது, கட்டைவிரல் யூடியூப் ஷார்ட்ஸுக்கோ ஃப்ரீ ஃபயருக்கோ போகிறது. அப்பா அசதியில் படுத்துவிடுகிறார். பதினொன்றரை ஆகிவிடுகிறது.

இந்தப் போனைப் பிள்ளைகள் கையில் கொடுத்தது யார்? நாம்தான். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினோம். ஒன்று முதல் எட்டு வகுப்புகளை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. இடையில் ஒன்றரை வருடத்துக்கும் மேலாக, "போன் வாங்கிக் கொடுங்கள், பாடம் அதில்தான் வரும்" என்று வீடு வீடாகச் சொன்னோம். கடன் வாங்கி, தோட்டை அடகு வைத்து வாங்கினார்கள். அன்றைக்கு வேறு வழி இல்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளி திறந்த பிறகும் அந்தக் குழு அப்படியே இருக்கிறது. கரும்பலகையில் எழுதிப்போட வேண்டிய நான்கு வரி இன்றும் போன் வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறது.

எனவே நீங்கள் செய்யக்கூடிய முதல் வேலை பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதுங்கள், பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். குழு விடுமுறை அறிவிப்புக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் மட்டும் இருக்கட்டும். அன்று வராத பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் போய்க் கேட்டுக்கொள்ளட்டும், நாமெல்லாம் அப்படித்தானே கேட்டோம். இதை நீங்கள் ஒருவர் மட்டும் செய்தால் பயனில்லை, தமிழ் ஆசிரியரும் கணக்கு ஆசிரியரும் சேர வேண்டும். தலைமையாசிரியரிடம் இதைத்தான் முதலில் பேசுவேன்.

கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலை பற்றி பிரதம் என்ற தொண்டு நிறுவனம் வெளியிட்ட ஏசர் 2024 அறிக்கையில், 14 முதல் 16 வயதுக்குள் இருப்பவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும் என்று வந்திருக்கிறது. அவர்களில் 57 சதவீதம் பேர் முந்தைய வாரத்தில் படிப்பு தொடர்பாக அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், 76 சதவீதம் பேர் சமூக ஊடகத்துக்கு. படிக்கத்தான் போன் என்று பிள்ளைகள் சொல்வது பொய்யில்லை. இரண்டு வேலையும் ஒரே போனில் நடக்கிறது. பிரித்துக் கொடுக்க வேண்டியது பெரியவர்கள் பொறுப்பு.

பைச் சோதனை வேண்டாம். உங்கள் கடிதப்படி போன் இருப்பதே வீட்டில், பிறகு பையில் எதைத் தேடப் போகிறீர்கள்? எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளையின் பையில் நாப்கின் இருக்கும். அதை எல்லோர் முன்னாலும் கொட்டினால் அவள் அதற்குப் பிறகு உங்களிடம் எதையும் சொல்ல மாட்டாள். வகுப்புக்குள் போன் கூடாது என்ற விதி சரிதான், அதை ஆதரிக்கிறேன். பதினைந்து வயது மாணவர்களிடம் பல நாடுகளில் நடத்தப்படும் பீசா ஆய்வின் 2022 முடிவில், ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த மாணவர்களில் 65 சதவீதம் பேர் சில கணக்கு வகுப்புகளிலாவது போன் போன்ற டிஜிட்டல் கருவிகளால் கவனம் சிதறுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிரான்ஸ் 2018இலேயே சட்டம் போட்டுப் பள்ளிகளில் கைபேசியைத் தடுத்தது. ஆனால் அந்த விதி பிள்ளைகளின் மனநலத்தையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடக் கூடாது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் இங்கிலாந்தில் 30 பள்ளிகளை ஆராய்ந்து 2025இல் முடிவை வெளியிட்டார்கள். போனைக் கட்டுப்படுத்திய பள்ளிகளுக்கும் அனுமதித்த பள்ளிகளுக்கும் மாணவர்களின் மனநலத்தில் வேறுபாடு தெரியவில்லை. மொத்தமாகப் போனில் கழியும் நேரம் இரு பக்கமும் ஏறக்குறைய அதேதான். அதே ஆய்வில், போனில் அதிக நேரம் கழிக்கும் பிள்ளைகளுக்கு மனநலமும் தூக்கமும் மோசமாக இருந்தன. பள்ளி வாசலில் தடுத்தால் போதாது, மாலையும் இரவும்தான் கணக்கு.

ஸ்மார்ட் போர்டு பற்றி. இதயம் துடிப்பதை, நிலா தேய்வதை வேறு எப்படிக் காட்ட முடியும்? அங்கே போடுங்கள். பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைக்க மட்டும் போடாதீர்கள். அந்தப் போட்டியில் ஷார்ட்ஸை நீங்கள் ஜெயிக்க முடியாது, ஜெயிக்கவும் வேண்டாம். நீங்கள் அறிவியல் ஆசிரியர், உங்கள் கையில் இருப்பது அதைவிடப் பெரியது. பூவின் பாகங்கள் பாடத்துக்கு ஆளுக்கொரு செம்பருத்தி கொண்டுவரச் சொல்லுங்கள். இதழ்களைப் பிய்த்துப் போட்டபின் நடுவில் நிற்கும் குழலில் மகரந்தப் பைகளைத் தொட்டுப் பார்க்கட்டும், விரலில் மஞ்சளாக ஒட்டும். நுனியில் பொட்டுப்போல் நிற்கும் சூலகமுடிகள் எத்தனை என்று எண்ணட்டும், ஐந்து இருக்கும். பிறகு அடியில் இருக்கும் சூற்பையை நீங்களே பிளேடால் குறுக்கே வெட்டி லென்ஸைக் கொடுங்கள். உள்ளே அறைகளும் ஐந்து. "மேலயும் அஞ்சு, கீழயும் அஞ்சு மிஸ்!" என்று ஒரு பிள்ளை கத்தும். ஐந்து நிமிடம் உட்கார மாட்டான் என்று நீங்கள் நினைக்கிற பையன் மணி அடித்த பிறகும் லென்ஸைத் திருப்பித் தர மாட்டான்.

கவனம் பழகிப் பழகித்தான் வரும். தினமும் ஏதாவது ஒரு கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல நீட்டுங்கள். படம், கேள்வி பதில் எதுவும் வேண்டாம். முதல் சில நாட்கள் "எழுதணுமா மிஸ்?" என்று கேட்பார்கள், பென்சிலை உருட்டுவார்கள். விடுங்கள். நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு மூடி வையுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். பி.டி. பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் வாங்கிக்கொள்வது நம் பள்ளிகளில் பழைய வழக்கம். நீங்களும் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உடம்பு களைத்த பிள்ளைதான் இரவில் தூங்கும். அப்புறம், வகுப்பில் பிள்ளைகளை ஆடவிட்டு ரீல்ஸ் எடுத்துப் போடும் ஆசிரியர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் தன் முகத்துக்கு எத்தனை லைக் விழுந்தது என்று எண்ணுவதை அந்தப் பிள்ளை பள்ளியிலேயே கற்றுக்கொள்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டு விஷயம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்கு அறிவுரை சொல்ல ஆளை அழைக்காதீர்கள், களைத்து வருகிற மனிதர்கள் அவர்கள். ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். இரவு ஒன்பதரைக்குப் போன் சார்ஜுக்குப் போக வேண்டும், பிள்ளை படுக்கும் இடத்துக்கு எட்டாத இடத்தில். உங்கள் பக்கத்திலிருந்து, இனி வீட்டுப்பாடம் போனில் வராது என்ற வாக்கைக் கொடுங்கள். அந்த வாக்கைக் கொடுத்த பிறகு கேட்டால்தான் உங்கள் பேச்சு எடுபடும்.

சிலர் முடியாது என்பார்கள். உங்கள் பக்கம் நூற்பாலைகள் அதிகம், இரவு ஷிப்டுக்குப் போகும் அம்மாக்கள் இருப்பார்கள். தனியாக இருக்கும் பிள்ளை பத்திரமாக இருக்கிறதா என்று அவர்கள் இடைவேளையில் கூப்பிட்டுக் கேட்பது அந்தப் போனில்தான். அவர்களிடம் ஒன்பதரை மணி விதியைப் பேசாதீர்கள். கூட்டம் முடிந்ததும் உட்கார வைத்து, இரவில் பிள்ளையோடு யார் இருக்கிறார்கள், பக்கத்தில் பாட்டி வீடு உண்டா, அழைப்பு மட்டும் வருகிற பழைய பட்டன் போன் ஒன்று கிடைக்குமா என்று கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.