மிசிசிப்பியின் 22ஆம் பிரிவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லைக் கடத்திக் கொன்றவர்கள் விடுதலையான பிறகு பத்திரிகையிடம் உண்மையை ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். அப்புறமும் ஏன் அவர்களைக் கூண்டில் ஏற்றவில்லை? அதே மிசிசிப்பியில், கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸைச் சுட்டுக் கொன்றவனை மட்டும் முப்பது வருஷம் கழித்து எப்படித் தண்டித்தார்கள்?

கவிதா

அன்புள்ள கவிதா,

உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் மாநில அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை விசாரிக்கக் கூடாது; ஆனால் அந்தத் தடை வருவதற்கு முதல் விசாரணை விடுதலையிலோ தண்டனையிலோ முடிந்திருக்க வேண்டும்.

1955 செப்டம்பரில், சம்னர் ஊரில் பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் கொண்ட ஜூரி 67 நிமிடத்தில் ராய் பிரையன்டையும் ஜே. டபிள்யூ. மைலமையும் விடுவித்தது. இந்தியாவில் என்றால் அரசு மேல்முறையீடு செய்திருக்கலாம். அங்கே அதற்கு வழியில்லை. 1956 ஜனவரியில் 'லுக்' இதழிடம் பணம் வாங்கிக்கொண்டு இருவரும் வாய்திறந்தது இந்தத் தெம்பில்தான்.

எவர்ஸைக் கொன்ற பைரன் டி லா பெக்வித்தை 1964இல் இரண்டு முறை விசாரித்தார்கள். இரண்டும் முழு வெள்ளை ஜூரிதான். ஆனால் இரண்டு முறையும் அவர்களால் ஒருமனதாக முடிவுக்கு வர முடியவில்லை. 1969இல் அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. அது விடுதலைத் தீர்ப்பு ஆகாது. கொலைக்குக் காலவரம்பும் கிடையாது.

சட்டம் இடம்கொடுத்தாலும் கையில் ஒன்றும் இல்லாமல் வழக்கு நடத்த முடியுமா? இந்தப் பகுதியைத்தான் பலர் கவனிப்பதில்லை. முதல் விசாரணையின் நீதிமன்றப் பதிவே காணாமல் போயிருந்தது. எவர்ஸின் மனைவி மிர்லி பத்திரமாக வைத்திருந்த நகல் கைகொடுத்தது. குறுக்கு விசாரணை முடிந்த பழைய சாட்சியம் என்பதால், இறந்துபோனவர்கள் சொன்னதையும் ஜூரிக்கு வாசித்துக் காட்ட முடியும். துப்பாக்கி கிடைத்த இடம் இன்னும் விசித்திரம்: மறுவிசாரணையை நடத்திய அரசு வழக்கறிஞர் பாபி டிலாட்டரின் மாமனார் வீடு. அந்த மாமனார் நீதிபதியாக இருந்தவர். 1964 ஜூரிக்கான ஆட்களைப் பற்றி மாநில அரசின் ஆணையமே ரகசியமாக விசாரித்து, பெக்வித் தரப்புக்கு உதவியது 1989இல் வெளியே வந்திருந்தது. 1994 பிப்ரவரியில் எட்டு கறுப்பர்களும் நான்கு வெள்ளையர்களும் இருந்த ஜூரி பெக்வித்தைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை. 2001இல் காவலில் இருக்கும்போதே செத்தான்.

டில் வழக்கில் பழியை முழுக்க 22ஆம் பிரிவின் தலையில் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். கடத்தல் தனிக் குற்றம். கொலையில் கிடைத்த விடுதலை அதைத் தடுக்காது. சிறுவனை வீட்டிலிருந்து கூட்டிப்போனதை இருவருமே ஷெரிஃப் அலுவலக அதிகாரிகளிடம் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் வசித்த மோஸ் ரைட் வந்து சாட்சியும் சொன்னார். இருந்தும் 1955 நவம்பரில் லெஃப்ளோர் கவுன்டியின் (மாவட்டம் போன்றது) கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடரலாமா என்று முடிவுசெய்யும் குழு, குற்றம்சாட்டவே மறுத்தது. 2022இல் அதே கவுன்டி நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில், பிரையன்டின் அப்போதைய மனைவியைக் கைது செய்ய 1955இல் பிறப்பித்து நிறைவேற்றாமல் விட்ட வாரன்ட் ஒன்று அகப்பட்டது. அந்த ஆகஸ்டில் கூடிய கிராண்ட் ஜூரியும், ஆதாரம் போதாது என்று அவர்மீது குற்றம்சாட்டவில்லை.