கிளட்ச் மாற்றும்போதே பேக்கிங் எல்லாம் மாற்றிவிடலாமா?

கேள்வி: என்னுடையது 2012 மாடல் வேகன் ஆர், பெட்ரோல் வண்டி. 1,20,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மேடு ஏறும்போது கிளட்ச் வழுக்குவதால் மாற்றக் கொடுத்திருக்கிறேன். "கியர் பாக்ஸ் இறக்கும்போதே கிராங்க் ஆயில் சீல், டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் சம்ப், ஹெட் கேஸ்கெட் எல்லாத்தையும் மாத்திடலாம் சார், வண்டிக்கு வயசாயிடுச்சு" என்கிறார் மெக்கானிக். கிளட்சுக்கு முதலில் சொன்ன தொகை இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. ஒத்துக்கொள்ளலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கிராங்க் ஆயில் சீலுக்கு (கிராங்க் தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மட்டும் சரி சொல்லுங்கள். டேப்பட் கவரையும் ஆயில் சம்பையும் (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இன்ஜின் ஹெட்டுக்கும் அதன் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் பக்கம் போகவே வேண்டாம்.

மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வயதாகிவிட்டது என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. இப்போது நடக்கிற வேலை அந்த இடத்தைத் திறக்கிறதா, இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். திறந்தால் கூலி மிச்சம். திறக்காவிட்டால் அது தனி வேலை, தனிக் கூலி. இன்றைக்குச் செய்தாலும் அடுத்த வருடம் செய்தாலும் செலவு அதேதான்.

பின்பக்க கிராங்க் ஆயில் சீல் ஃபிளைவீலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொட வேண்டுமென்றால் ஆக்சில் இரண்டையும் உருவி, கியர் பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி, ஃபிளைவீலையும் எடுக்க வேண்டும். உங்கள் வண்டியில் ஃபிளைவீலைத் தவிர மற்றதெல்லாம் எப்படியும் கழற்றப்போகிறார்கள். சீலின் விலை அந்தக் கூலிக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து அது ஒழுக ஆரம்பித்தால் அதே கூலியை மறுபடி அழ வேண்டும். ஆயில் பட்டால் இப்போது போடுகிற புது கிளட்ச் பிளேட்டும் வழுக்கத் தொடங்கும்.

கியர் பாக்ஸ் இறங்கியதும் போன் செய்யச் சொல்லிவிட்டு நேரில் போய்ப் பாருங்கள். பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடிப்பகுதியில் விரலை வைத்துத் தேயுங்கள். உலர்ந்த கருப்புத் தூள் மட்டும் ஒட்டினால் அது கிளட்ச் தேய்மானம், பயமில்லை. பிசுபிசுவென்று கருஞ்சேறு மாதிரி வந்தால் எங்கிருந்தோ ஆயில் வருகிறது. மோந்து பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கந்தக வாடை தூக்கலாக இருந்தால் கியர் ஆயில். அப்படியானால் கசிவது கிராங்க் சீல் இல்லை, கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல். இதைப் பார்க்காமல் கிராங்க் சீலை மட்டும் மாற்றிவிட்டு, "மாத்தியும் ஒழுகுதே" என்று தலையில் கைவைத்தவர்கள் உண்டு.

கிராங்க் சீல் சுத்தமாக, உலர்ந்து இருந்தால்? சில நல்ல மெக்கானிக்குகள் அதைத் தொட மாட்டார்கள். கோணலாக உட்கார்ந்த புது சீலை விட ஒழுகாத பழைய சீல் மேல் என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. என்றாலும் 1,20,000 கிலோமீட்டர் ஓடிய ரப்பர் சூட்டில் இறுகியிருக்கும், உதடு தேய்ந்திருக்கும். கை நிதானம் உள்ள மெக்கானிக்காக இருந்தால் மாற்றிவிடச் சொல்வதே என் கட்சி. கிராங்கில் பழைய சீல் உதடு பள்ளம் போட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளம் இருந்தால், இடம் இருக்கிற இன்ஜினில் புது சீலை அதே கோட்டில் உட்காராதபடி ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்துவார்கள்.

அவர் பட்டியலில் விட்டுப்போன ஒன்றை நான் சேர்க்கிறேன். ஆக்சிலை உருவும் இடத்தில் கியர் பாக்ஸின் இரண்டு பக்கமும் ஆயில் சீல் இருக்கும். உருவிய பிறகு பழைய சீலிலேயே திரும்பச் செருகினால் பல வண்டிகளில் கசிவு ஆரம்பிக்கும். அந்த இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

டேப்பட் கவர் இன்ஜினின் உச்சியில் இருக்கிறது. கியர் பாக்ஸ் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பானெட்டைத் திறந்து என்றைக்கு வேண்டுமானாலும் செய்யலாம். கவரின் ஓரம் ஈரமாக இருந்தாலோ, ஆயில் கருகும் வாடை வந்தாலோ, பிளக் குழிக்குள் ஆயில் நின்றாலோ மாற்றுங்கள். பிளக் குழியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்களையும் சேர்த்து வாங்குங்கள், அவை சில செட்டில் வராது. அதற்கு முன், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே அழுத்தம் கூடினால் எந்தப் புது பேக்கிங்கும் ஒழுகத்தான் செய்யும்.

ஆயில் சம்புக்குப் பல இன்ஜின்களில் தனி பேக்கிங்கே கிடையாது, சீலன்ட் பசைதான். மேலே டேப்பட் கவரில் கசிகிற ஆயில் இன்ஜின் சுவரில் வழிந்து கீழே வந்து சம்ப் ஒழுகுவது போலவே தெரியும். நன்றாகக் கழுவித் துடைத்து, ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

இனி ஹெட் கேஸ்கெட். இதை முன்னெச்சரிக்கையாக மாற்றுவது என்ற பழக்கம் நல்ல பட்டறைகளில் கிடையாது. இன்ஜின் ஹெட்டையே கழற்ற வேண்டிய வேலை அது. டைமிங் செயினைப் பிரிக்க வேண்டும், ஹெட்டின் தளம் சமமாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும், ஒருமுறை முறுக்கியதும் நீண்டுவிடும் வகை போல்ட்டாக இருந்தால் அவற்றையும் புதிதாகப் போட வேண்டும். நன்றாக இருக்கிற ஒன்றைக் கலைத்து, பொருத்துவதில் தவறு நேர இடம் கொடுப்பானேன்? கூலண்ட் காரணமில்லாமல் குறைவது, டிப்ஸ்டிக்கில் அல்லது ஆயில் மூடியில் பால் கலந்த காபி நிறம், ரேடியேட்டரில் விடாமல் குமிழி, சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, அடிக்கடி ஓவர் ஹீட். இவற்றில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அப்போது பேசலாம். (காலையில் மட்டும் ஆயில் மூடியில் லேசாகப் பால் நிறம் படிவது குறைந்த தூரம் ஓடும் வண்டிகளில் வரும் ஈரப்பதம். அதைக் காட்டி ஹெட்டை இறக்கச் சொன்னால் இறங்காதீர்கள்.)

கேள்வி: 2009 சான்ட்ரோ. டைமிங் பெல்ட் மாற்றப்போகிறேன். கேம் சீல், முன்பக்க கிராங்க் சீல், வாட்டர் பாடி (கூலண்ட் பம்ப்) மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள். இதுவும் அதே கதைதானா?
– வாசகி, சேலம்

பதில்: இல்லை, இங்கே மாற்றச் சொல்பவர் பக்கம்தான் நியாயம். அந்த சீல்கள் பெல்ட் ஓடுகிற இடத்திலேயே இருக்கின்றன. அவை கசிந்தால் ஆயில் நேராகப் பெல்ட்டில்தான் விழும். ஆயில் பட்ட பெல்ட் ஊறி, பல் பிய்ந்து, காலத்துக்கு முன்பே அறுந்துவிடும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். அப்புறம் செலவு எங்கேயோ போய்விடும். வாட்டர் பாடியைக் கழற்ற பெல்ட்டை எடுத்தாக வேண்டுமென்றால் அதையும் இப்போதே மாற்றுங்கள். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கை மறந்துவிடாதீர்கள். அதைச் சுழற்றிப் பார்த்து, சத்தம் வந்தால் மட்டும் மாற்றலாம் என்று சிக்கனம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், நான் பார்க்க மாட்டேன்.

கேள்வி: ஓவர் ஹீட் ஆகி ஹெட் கேஸ்கெட் மாற்றினேன். இரண்டே மாதத்தில் மறுபடி கூலண்ட் குறைகிறது. "புது கேஸ்கெட் மட்டமான சரக்கு, நாங்க என்ன செய்ய" என்கிறார்கள். பணம் திரும்பக் கேட்க முடியுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கேஸ்கெட்டைக் குறை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி: ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேசிங் (தளத்தைச் சீவிச் சமமாக்குவது) செய்தார்களா, குறைந்தபட்சம் அளந்தாவது பார்த்தார்களா? ஓவர் ஹீட் ஆன அலுமினிய ஹெட் வளைந்துவிடும். பல இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் வரைதான் கோணல் தாங்கும். நேர்விளிம்புப் பட்டையை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் மேலே கேஸ்கெட்டை மட்டும் போட்டு மூடினால் எந்தக் கம்பெனி சரக்கும் நிற்காது. போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, வரிசைப்படி முறுக்கினார்களா என்பதும் கேட்க வேண்டியது. ஓவர் ஹீட் ஏன் வந்தது என்பதையும் கேளுங்கள். ஃபேனோ தெர்மோஸ்டாட்டோ இன்னும் பழுதாகவே இருந்தால் இது நிற்கப்போவதில்லை.

கேஸ்கெட்டை வாங்கிப் போட்டது அவர்களே என்றால் மட்டமான சரக்கு என்று கையைக் கழுவ முடியாது. உங்களிடம் பில் இருக்கிறதா? ஜாப் கார்டு, ஸ்பேர் பில், லேத் பில், கழற்றிய பழைய கேஸ்கெட்டின் படம் எல்லாவற்றையும் சேர்த்து, எழுத்தில் ஒரு புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. முக்கியமாக, வேறு பட்டறையில் ஹெட்டைத் திறப்பதற்கு முன் பழைய பட்டறைக்கு எழுத்தில் தகவல் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் "அவங்க கெடுத்துட்டாங்க" என்று சொல்லித் தப்பிக்க வழி கொடுத்தது போலாகும்.

கேள்வி: பேக்கிங்குக்குப் பதில் சிலிகான் பேஸ்ட் போட்டால் போதும் என்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கம்பெனியே பேஸ்ட் போட்ட இடத்தில் போடலாம், அளவாக. ரப்பர் பேக்கிங் வர வேண்டிய இடத்தில் அதை வழிய வழியப் பூசினால், உள்ளே பிதுங்கிய துணுக்குகள் பிய்ந்து ஆயில் பம்ப் வடிகட்டியில் போய் அடைக்கும். டேப்பட் கவரின் அரைவட்ட மூலைகளில் ஒரு பொட்டு வைப்பது வழக்கம்தான், அதற்கு மேல் வேண்டாம். கவரைக் கழற்றும்போது உங்கள் எதிரிலேயே பழைய பேக்கிங்கை எடுக்கச் சொல்லி, நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிளாஸ்டிக் மாதிரி இறுகி, பள்ளம் விழுந்தது விழுந்தபடி நின்றால் புதிது வாங்குங்கள்.