மூன்று மணி நேர இலக்கு தவறியது: பயிற்சியைக் கூட்டலாமா?

கேள்வி: பினாங்கில் வசிக்கிறேன். வயது 34, எடை 55 கிலோ. ஒலிம்பிக் தூர டிரையத்லானை 3 மணி நேரத்தில் முடிக்க நினைத்தேன். 3 மணி 19 நிமிடம் ஆனது. நீச்சலும் சைக்கிளும் கணக்குப்படி போயின. ஓட்டத்தில் கடைசி 4 கிலோமீட்டர் நடந்தேன். காலையில் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) மட்டும் குடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போவேன். மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. பயிற்சியைக் கூட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கூட்டவே கூடாது, சகோதரி. உங்கள் கடிதத்தில் அந்த 19 நிமிடத்தைவிட எனக்குக் கவலை தருவது மாதவிலக்கைப் பற்றிய ஒற்றை வரிதான். கடும் பயிற்சி செய்தால் அது நிற்பது சகஜம் என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். உடல் செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது, உடல் முதலில் கைவிடுவது கருமுட்டை உருவாகும் வேலையைத்தான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைய எலும்பும் மெலியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கொழுப்பு நீங்கலாக உங்கள் உடல் எடை சுமார் 43 கிலோ இருக்கலாம். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 45 கலோரி வீதம் 1,935. அன்றைய பயிற்சியில் 700 கலோரி எரிந்தால் அதையும் சேர்த்து 2,600க்கு மேல் சாப்பிட வேண்டும். பசியாறாமல் தெலுக் பஹாங் மேட்டில் ஏறி பாலிக் பூலாவ் வரை மிதிப்பவருக்கு, மதியமும் இரவும் மட்டும் சாப்பிட்டு இந்தக் கணக்கை எட்டுவது மிகவும் சிரமம். புறப்படும் முன் இரண்டு ரொட்டித் துண்டு, ஒரு வாழைப்பழம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிதித்தால் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம்தான் இருக்கும், மீதியை விளையாட்டு வீரர்களுக்கான சர்க்கரை ஜெல்லோ இனிப்புப் பானமோ ஈடுகட்டட்டும். திரும்பியதும் மூன்று முட்டை, ஒரு டம்ளர் பால், சோறு. நாசி லெமாக்கும் (தேங்காய்ப்பால் சோறு) தாராளமாகச் சாப்பிடலாம்.

இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். முதலில் கர்ப்பப் பரிசோதனை. பிறகு தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது). ஃபெரிட்டினுக்கு ரத்தம் கொடுக்கும் முன் இரண்டு நாள் ஓய்வெடுங்கள். கடும் பயிற்சிக்கு மறுநாளும் காய்ச்சலின்போதும் அது பொய்யாக உயர்ந்து காட்டும். 30க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்றே கொள்ளலாம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஓட்டத்தில் கால் கனக்க அதுவும் காரணமாகலாம். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று கேளுங்கள். பலருக்கு அப்படித்தான் நன்றாக உறிஞ்சப்படுகிறது. எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குங்கள். தே தாரேக் (பால் தேநீர்) இரண்டு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும்.

கருத்தடை மாத்திரை போட்டு மாதவிலக்கை 'வரவழைக்க' வேண்டாம். அந்த ரத்தப்போக்கு மாத்திரையால் வருவது. உள்ளே இருக்கும் குறையை மறைத்துவிடும்.

முதல் பத்து நாள் நடையும் மெதுவான நீச்சலும் போதும். பிறகு பழைய நேரத்தில் பாதி. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு, பாதம், தொடை இடுக்கு என எங்காவது ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுள்ளென்று வலித்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம், எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாது. தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த பந்தயத்துக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். மாதவிலக்கு தொடர்ந்து மூன்று முறை ஒழுங்காக வந்த பிறகு தேதியைத் தேர்ந்தெடுங்கள்.