ஃபெலோஷிப் பணத்தில் பிடித்த டிடிஎஸ் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 23 வயது. பெண் பிள்ளைகள் இடையில் படிப்பை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு தொண்டு நிறுவனத்தில், 2025 ஏப்ரல் முதல் ஓராண்டு ஃபெலோவாக இருந்தேன். மாதம் 22,000 ரூபாய் என்றார்கள். கைக்கு வந்தது 19,800. மீதி டிடிஎஸ்ஸாம், அதாவது பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி. வேறு வருமானம் கிடையாது. உதவித்தொகைக்கு வரியே இல்லை என்கிறாள் தோழி. பிரவுசிங் சென்டரில் ஒருவர், 30 சதவீதம் கமிஷன் தந்தால் பணத்தை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, தருமபுரி

பதில்: கொடுக்காதீர்கள். உங்களிடம் பிடித்தது 26,400 ரூபாய். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் அது முழுவதும் உங்களுக்கே திரும்ப வரும். ஆண்டு வருமானம் 2,64,000 தான். 2025-26இல் புதிய வரி முறைப்படி 4 லட்சம் வரை வரியே இல்லை. இதில் 7,920 ரூபாயை யாரோ ஒருவருக்கு ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்?

தோழி சொல்வது பாதி சரி. படிப்புச் செலவுக்காகத் தரும் உதவித்தொகைக்கு வரிவிலக்கு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தரும் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கி முனைவர் பட்ட ஆய்வு செய்கிற பெண்ணுக்கு அது பொருந்தும், ஏனென்றால் அவர் படிக்கிறார். நீங்கள் ஊர் ஊராகப் போய் பெற்றோரிடம் பேசினீர்கள், கூட்டம் நடத்தினீர்கள், அறிக்கை எழுதினீர்கள். அது வேலை. மாதம் நான்கு நாள் பயிற்சி வகுப்பு இருந்தது, முடிவில் சான்றிதழ் கொடுத்தார்கள் என்றாலும் அது வேலைதான். கடிதத்தில் ஃபெலோஷிப் என்று எழுதியிருப்பதை வைத்து வருமானத்தையே காட்டாமல் விட்டுவிடாதீர்கள். பணம் எதற்காகத் தரப்பட்டது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

பத்து சதவீதம் பிடித்திருப்பதால், அநேகமாக உங்களை ஊழியராக அல்லாமல் ஆலோசகராகக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். பெண்களின் உரிமைக்காக நிற்கும் அமைப்புகளே இளம்பெண்களைச் சம்பளப் பட்டியலுக்கு வெளியே வைப்பது எனக்கு ஒப்பவில்லை. பிஎஃப் கிடையாது, விடுப்புக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் ஒன்று: பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 ஃபெலோவுக்கும் பொருந்தும். பயிற்சியாளர், தன்னார்வலர் எல்லோரும் அதில் அடக்கம். "உங்களை ஊழியராக எடுக்கவில்லையே" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

கமிஷன் ஆட்களுக்கு வருகிறேன். இவர்கள் முதலில் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்பார்கள். அப்புறம் வருமான வரித் துறையின் இணையதளத்தில் தங்கள் மின்னஞ்சலையும் மொபைல் எண்ணையும் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு துறை அனுப்பும் நோட்டீஸ் எதுவும் உங்கள் கண்ணில் படாது. ரீஃபண்டைப் பெருக்க இல்லாத காப்பீடு, தராத நன்கொடை என்று எழுதுபவர்களும் உண்டு. 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது இப்படிப் பொய்யாகக் காட்டும் வரிக் கழிவுகளுக்காகத்தான். தமிழ்நாடும் அதில் உண்டு. பொய்க் கணக்கு எழுதிக் கொடுத்தவர் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். பதில் சொல்ல வேண்டியவர் பான் எண்ணுக்குரியவர். உங்கள் கணக்கில் பொய்யே தேவையில்லை.

‘எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம்’ என்று எழுதித் தரும் 15ஜி படிவம் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள் என்றும் யாராவது சொல்வார்கள். அது வங்கி வட்டி போன்றவற்றுக்கு. இந்த வகைப் பணத்துக்குச் செல்லாது. வரியே வராது என்று தெரிந்த பெண்ணிடம் மாதாமாதம் பிடித்துவிட்டு, அதைத் திரும்பக் கேட்க அவளையே அலையவிடும் இந்த ஏற்பாடு எரிச்சலூட்டுகிறது. மாதம் 2,200 என்பது விடுதிச் சாப்பாட்டுக் காசு.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வரித் தளத்தில் நீங்களே நுழைந்து, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் 26,400 ரூபாயும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசி மூன்று மாதக் கணக்கை நிறுவனம் மே 31க்குள் கொடுக்க வேண்டும் என்பதால், ஜூனில் பார்ப்பது நல்லது. குறைந்தால் உடனே நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பிறகு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யுங்கள்; சம்பளக்காரர்களுக்கான ஐடிஆர்-1 படிவம் உங்களுக்குப் பொருந்தாது. படிவத்தில் குழப்பம் என்றால் ஒரு ஆடிட்டரிடம் கட்டணத்தை முன்பே பேசிக்கொண்டு போங்கள். சதவீதக் கணக்கு பேசுபவரிடம் போகாதீர்கள். வங்கிக் கணக்கை அந்தத் தளத்தில் சரிபார்த்து வையுங்கள், இல்லையென்றால் ரீஃபண்ட் வராது. தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போட்டு உறுதிசெய்யவும் மறக்காதீர்கள்.