ஒரே ஒருவரைக் குறிக்க ஆங்கிலத்தில் 'தே' வரலாமா?

வரலாம், தயங்கவே வேண்டாம். 'தே' என்றால் 'அவர்கள்' என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் ஆளின் பால் தெரியாதபோதும், அதைச் சொல்லத் தேவையில்லாதபோதும் அது ஒருவரையே குறிக்கும்.

காரணம் எளிது. ஆங்கிலத்தில் 'ஹீ' ஆண், 'ஷீ' பெண், 'இட்' அஃறிணை. ஆண், பெண் இரண்டுக்கும் பொதுவான தனி உயர்திணை ஒருமைச் சொல் இல்லை. நாற்காலியில் ஒரு குடை கிடக்கிறது. விட்டுச் சென்றவர் யாரென்று தெரியாது. 'சம்ஒன் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா' ('யாரோ தம் குடையை விட்டுச் சென்றுவிட்டார்'; 'தேர்' என்பது 'தே'யின் உடைமை வடிவம்) என்றுதான் ஆங்கிலேயர் இயல்பாகச் சொல்வார்கள். 'ஹிஸ் ஆர் ஹெர்' என்று இழுப்பதும் பிழையில்லை, ஆனால் நாலு வரிக்கு மேல் அப்படி எழுதினால் படிப்பவருக்கு மூச்சு முட்டும்.

நமக்கு இது புதிதே அல்ல. 'அவர்' பழந்தமிழில் பன்மைச் சொல். மரியாதைக்காக ஒருவருக்கு அதை வழங்கத் தொடங்கினோம். பலரைச் சொல்ல 'கள்' சேர்த்து 'அவர்கள்' என்றாக்கிக்கொண்டோம். நாம் மரியாதைக்காகச் செய்ததை ஆங்கிலம் பால் தெரியாததற்காகச் செய்தது. ஆங்கிலத்தின் 'யூ'வும் முதலில் பன்மைதான்!

இன்று பாலின அடையாளம் கருதித் தம்மை 'தே' என்றே குறிப்பிடச் சொல்பவர்களும் உண்டு. அப்படிக் கேட்டால் அவ்வாறே எழுதுங்கள்.

ஆள் ஒருவர்தானே என்று 'தே இஸ்' என எழுதுவது பலர் செய்யும் தவறு. 'யூ ஆர்' போலவே இங்கும் 'தே ஆர்'தான். ஒருவருக்கு 'தே' வழங்குவதை நேற்றைய நாகரிகம் என்று நினைப்பவர்களுக்கு: 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்த வழக்கு எழுத்தில் இருக்கிறது.