செயின் போட்டால் பிழைச் செய்தி எங்கே போகிறது?

கேள்வி: ஸ்ட்ரட்ஸ் 2 என்ற ஜாவா வெப் ஃப்ரேம்வொர்க்கில் மாணவர் சேர்க்கைப் படிவம் ஒன்று செய்கிறேன். சேமிக்கும் ஆக்‌ஷனில் (ரிக்வெஸ்ட்டைக் கையாளும் ஜாவா கிளாஸ்) வேலிடேஷன் தோற்றால், 'இன்புட்' ரிசல்ட்டில் (பிழை வந்தால் அடுத்து எங்கே போவது என்று சொல்லும் இடம்) செயின் போட்டு, அதாவது அதே ரிக்வெஸ்ட்டுக்குள்ளேயே, பாடப்பிரிவுப் பட்டியலை ஏற்றும் இன்னொரு ஆக்‌ஷனுக்கு அனுப்புகிறேன். பட்டியல் வருகிறது, மாணவர் பெயர்கூட வருகிறது, பிழைச் செய்தி மட்டும் ஒன்றுமே வருவதில்லை. ஏன்?
(திருச்சி வாசகர்)

பதில்: உங்கள் கோடில் தப்பில்லை. செயினில் போகும்போது முதல் ஆக்‌ஷன் வேல்யூ ஸ்டாக்கிலேயே (அந்த ரிக்வெஸ்ட்டின் ஆப்ஜெக்ட்களை வைத்திருக்கும் அடுக்கு) இருக்கும், 'செயின்' என்ற இன்டர்செப்டர் (ஆக்‌ஷனுக்கு முன்னும் பின்னும் ஓடும் துணைக் கோடு) அதிலிருந்து ஒரே பெயருள்ள ப்ராபர்ட்டிகளை எடுத்து இரண்டாவது ஆக்‌ஷனில் வைக்கும். பெயர் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். ஆனால் ஆக்‌ஷன் எரர், ஃபீல்டு எரர், ஆக்‌ஷன் மெசேஜ் ஆகிய மூன்றையும் அது வேண்டுமென்றே விட்டுவிடும்.

அவையும் வர வேண்டுமென்றால் ஸ்ட்ரட்ஸ் எக்ஸ்எம்எல் ஃபைலில் 'ஸ்ட்ரட்ஸ்.செயினிங்.காப்பிஃபீல்டுஎரர்ஸ்' என்ற கான்ஸ்டன்ட்டை 'ட்ரூ' ஆக்குங்கள். ஆக்‌ஷன் எரருக்கு 'காப்பிஎரர்ஸ்', மெசேஜுக்கு 'காப்பிமெசேஜஸ்' என்று தனித்தனியாக உண்டு. 2.3 போன்ற பழைய பதிப்பு என்றால் 'ஸ்ட்ரட்ஸ்' என்பதற்குப் பிறகு 'எக்ஸ்வொர்க்' என்ற சொல்லும் சேரும், அதை விட்டுவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது, சும்மா வேலை செய்யாது, அவ்வளவுதான்.

சரி, இதை மாற்றியதும் அடுத்த சிக்கல் வரும், பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். டிஃபால்ட் ஸ்டாக்கில் (இன்டர்செப்டர்கள் வழக்கமாக ஓடும் வரிசை) 'செயின்' முன்னால் இருக்கிறது, பிழை இருக்கிறதா என்று பார்க்கும் 'வொர்க்ஃப்ளோ' கிட்டத்தட்ட கடைசியில் இருக்கிறது. பிழைகள் இரண்டாவது ஆக்‌ஷனில் ஏறிவிட்டதால், வொர்க்ஃப்ளோ அதைப் பார்த்து, 'இங்கே பிழை இருக்கிறது' என்று உங்கள் எக்ஸிக்யூட் மெத்தடைக் கூப்பிடாமலே 'இன்புட்' என்று திருப்பிவிடும். பட்டியல் ஏறாது. அந்த ஆக்‌ஷனுக்கு இன்புட் ரிசல்ட் எழுதவில்லை என்றால் 'ரிசல்ட் இல்லை' என்ற எரர் பக்கம்தான் வரும். பட்டியல் ஏற்றும் மெத்தடுக்கு 'இன்புட்' என்றே பெயர் வைத்துவிட்டால் தப்பிக்கலாம், ஏனென்றால் இன்புட், பேக், கேன்சல், பிரவுஸ் ஆகிய நான்கையும் டிஃபால்ட் ஸ்டாக்கில் வேலிடேஷனும் வொர்க்ஃப்ளோவும் தொடாது.

ஆனால் உங்களுக்கு நான் செயினையே சொல்ல மாட்டேன். ஸ்ட்ரட்ஸ் ஆவணமே செயினைப் பரிந்துரைக்கவில்லை. உங்களுக்கு வேண்டியது படிவம் மறுபடி வரும்போது பட்டியல் இருக்க வேண்டும், அதற்கு இரண்டாவது ஆக்‌ஷன் எதற்கு? சேமிக்கும் ஆக்‌ஷனிலேயே 'ப்ரிப்பேரபிள்' இன்டர்ஃபேஸை வைத்து, ப்ரிப்பேர் மெத்தடில் பட்டியலை ஏற்றுங்கள். அது வேலிடேஷனுக்கு முன்பே ஓடிவிடும், பிழை வந்தாலும் வராவிட்டாலும் பட்டியல் தயார், இன்புட் ரிசல்ட்டை நேராக ஜேஎஸ்பிக்கே விட்டுவிடலாம், பிழைச் செய்தி எங்கும் பயணம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று, ப்ரிப்பேர் ஓடும் நேரத்தில் பாராமீட்டர்கள் இன்னும் ஏறியிருக்காது. கல்லூரி எண்ணை வைத்துத்தான் பட்டியல் எடுக்க வேண்டும் என்றால் டிஃபால்ட் ஸ்டாக்கை விட்டு, பாராமீட்டர்களை ப்ரிப்பேருக்கு முன்னும் பின்னும் ஏற்றும் 'பாராம்ஸ் ப்ரிப்பேர் பாராம்ஸ்' ஸ்டாக்கைப் போடுங்கள்.

கேள்வி: செயினுக்குப் பதில் ரீடைரக்ட் போட்டால்?

பதில்: அது புது ரிக்வெஸ்ட், பழைய ஆக்‌ஷன் போயே போய்விடும். பிழைகளை செஷனில் வைத்து எடுக்க 'ஸ்டோர்' இன்டர்செப்டர் இருக்கிறது, அதை டிஃபால்ட் ஸ்டாக்குக்கு முன்னால் போட்டு ஆட்டோமேட்டிக் மோடில் வையுங்கள். பின்னால் போட்டால் வொர்க்ஃப்ளோ முந்திக்கொண்டு திரும்பிவிடும், ஸ்டோருக்கு முறையே வராது. அப்புறம், அது கொண்டுபோவது செய்திகளை மட்டும்தான், மாணவர் தட்டிய விவரங்களை அல்ல. நீளமான படிவத்தை மறுபடி முதலிலிருந்து நிரப்பச் சொல்வது பாவம், அதனால் வேலிடேஷன் பிழைக்கு ரீடைரக்ட் வேண்டாம், சேமித்து முடித்த பிறகு வரும் 'பதிவானது' செய்திக்கு வைத்துக்கொள்ளுங்கள்.